நிஹோன்பாஷி மிட்சுகோஷி: பேரமும் இல்லை, டிப்ஸும் இல்லை

டோக்கியோவில் கடை பார்க்கப் போகிறவர்களிடம் எல்லோரும் ஷிபுயா, கின்ஸா, அகிஹபாரா என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் நிஹோன்பாஷிக்குப் போங்கள் என்பேன். மிட்சுகோஷி என்ற பழைய டிபார்ட்மெண்ட் ஸ்டோரின் தலைமைக் கடை அங்கேதான் இருக்கிறது. ஒரு சாமான்கூட வாங்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு காலைப்பொழுதை முழுசாக அங்கே கழிக்கலாம். ஜப்பானில் கடைக்காரரிடம் எப்படி நடந்துகொள்வது, காசை எப்படிக் கொடுப்பது, எங்கே கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் அந்த ஒரு கட்டடத்துக்குள்ளேயே பிடிபட்டுவிடும்.

நான் ஜவுளிக்கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேலைப் பிரிவு. மகள் டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க நானும் மனைவியும் போயிருந்தோம். கோயில், கோபுரம், புல்லட் ரயில் எல்லாம் பார்த்தோம். ஆனால் என் கண் போனதெல்லாம் கடைகள் மேல்தான். துணியை எப்படி விரிக்கிறார்கள், எப்படி மடிக்கிறார்கள், வாங்காமல் போகிறவரை எப்படி வழியனுப்புகிறார்கள் என்று கவனிப்பது தொழில் புத்தி. அந்தக் கண்ணோடு எழுதும் விமர்சனம் இது.

மிட்சுகோஷியும் ஆரம்பத்தில் ஜவுளிக்கடைதான். 1673-இல் மிட்சுய் தகாதோஷி என்ற வியாபாரி எடோவில் எச்சிகோயா என்ற பெயரில் துணிக்கடை திறந்தார். அன்றைய எடோதான் இன்றைய டோக்கியோ. அந்தக் காலத்தில் பெரிய துணி வியாபாரிகள் கடையில் உட்கார்ந்து விற்பதில்லை. சாமுராய் வீடுகளுக்கும் பணக்காரர் வீடுகளுக்கும் துணியை எடுத்துக்கொண்டு போவார்கள். எல்லாம் கடன். வருடத்தில் இரண்டு தடவைதான் கணக்குத் தீர்ப்பார்கள். கடனுக்கு வட்டி, வராமல் போகும் பாக்கி, பேரத்தில் குறைக்க வேண்டிய தொகை, இது எல்லாவற்றையும் முதலிலேயே விலையில் ஏற்றி வைப்பார்கள். விலை ஆளுக்கு ஆள் மாறும். துணியையும் ஒரு முழுச் சுருளாகத்தான் விற்பார்கள், வெட்டித் தர மாட்டார்கள்.

தகாதோஷி இதை அப்படியே மாற்றினார். கடைக்கு வாருங்கள், ரொக்கம் கொடுங்கள், எழுதிய விலைதான் விலை, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெட்டித் தருகிறோம் என்றார். 1683-இல் கடையை சுருகாசோ என்ற தெருவுக்கு மாற்றியபோது இதையே துண்டுச் சீட்டில் அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார்கள். அந்தப் பழைய இடத்தில்தான் இன்றைய மிட்சுகோஷி நிற்கிறது. திடீரென்று மழை வந்தால் வாடிக்கையாளருக்குக் கடைப் பெயர் போட்ட குடையை இரவலாகக் கொடுத்து அனுப்புவார்களாம். விளம்பரமும் ஆச்சு, உபகாரமும் ஆச்சு. இந்தக் குடை விஷயத்தைக் கேட்டதுமே எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

எழுதிய விலை என்பது சாதாரண விஷயமாகத் தெரியலாம். பேரம் நடக்கும் கவுண்டரில் நின்றவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். பேரத்தில் ஜெயிப்பது எப்போதும் வாய் உள்ளவர்தான். நாலு கடை ஏறி இறங்கியவர், சத்தம் போடத் தெரிந்தவர், 'வேண்டாம், நான் வரேன்' என்று எழுந்து நடக்கத் தெரிந்தவர், இவர்களுக்கெல்லாம் விலை குறையும். கூச்சப்பட்டு வாய் திறக்காமல் நிற்கிற பெண்ணுக்கும், முதல் தடவை கடை ஏறுகிற கிராமத்து ஆளுக்கும் குறையாது. அவர்களிடம் வாங்கிய கூடுதலில்தான் வாய் உள்ளவருக்குத் தள்ளுபடி போகிறது. விலையை எழுதி ஒட்டிவிட்டால் அந்த அநியாயம் நின்றுபோகும். பயம் இல்லாமல் யாரும் உள்ளே வரலாம். அதனால், ஜப்பானில் விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு 'கடைசி விலை என்ன?' என்று கேட்கும் வெளிநாட்டுக்காரரைப் பார்க்கும்போது எனக்கு மனசு சங்கடப்படுகிறது. அவர் கேட்பது தள்ளுபடியை மட்டும் இல்லை. பக்கத்தில் வரிசையில் நிற்பவரைவிடத் தனக்கு ஒரு படி மேலே இடம் கேட்கிறார். பழைய சாமான் சந்தைகளில் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம். டிபார்ட்மெண்ட் ஸ்டோரில் வேண்டவே வேண்டாம்.

சரி, கடைக்குப் போவோம்.

சுரங்க ரயிலில் கின்ஸா வழித்தடத்தில் ஏறினால் கடையின் பெயரிலேயே மிட்சுகோஷிமாயே என்று ஒரு நிலையம் இருக்கிறது. 1932-இல் திறந்தது, கட்டும் செலவைக் கடையே ஏற்றுக்கொண்டது. நிலையத்தின் நடைபாதைச் சுவரில் எடோ காலத்து நிஹோன்பாஷித் தெருவைக் காட்டும் நீளமான ஓவியச் சுருளின் நகலை வைத்திருக்கிறார்கள். 1805 வாக்கில் வரைந்தது. மூலம் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டம், சுமை தூக்குகிறவர்கள், நாய், தெருவோரக் கடைகள், எல்லாம் அச்சு அசலாக இருக்கும். அதில் எச்சிகோயாவைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு மேலே ஏறுங்கள்.

வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துச் சிங்கங்களைப் பார்த்துச் செய்வித்து 1914-இல் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது உலோகத்துக்காகக் கொண்டுபோய்விட்டார்கள். நல்லவேளை, உருக்கவில்லை, போருக்கு அப்புறம் திரும்பி வந்தன. யாரும் பார்க்காதபோது சிங்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பரீட்சை எழுதும் பிள்ளைகள் ஏறுவார்களாம். பகலில் யாரும் பார்க்காத நேரம் என்று அங்கே ஒன்று கிடையாது, அதனால் நீங்கள் தொட்டுவிட்டு உள்ளே போங்கள்.

காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். முடிந்தால் அந்த நேரத்துக்கே போய் நில்லுங்கள். கதவு திறந்ததும் ஊழியர்கள் அவரவர் கவுண்டருக்கு முன்னால் நின்று, கடந்து போகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் வைக்கிறார்கள். இதற்கு என்ன செய்வது என்று பலரும் தடுமாறுகிறார்கள். சிலர் திரும்பித் திரும்பிக் கும்பிடுகிறார்கள், சிலர் போனைத் தூக்கி முகத்துக்கு நேரே படம் பிடிக்கிறார்கள். லேசாகத் தலையை அசைத்துவிட்டு நடந்தால் போதும். படம் எடுக்க வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். கும்பிடுகிற மனிதரை அவர் அனுமதி இல்லாமல் படம் பிடிப்பது எனக்குப் பிடிக்கவே இல்லை. காலை முதல் இரவு வரை நின்று விற்கிறவர்களுக்கும் முகம் என்று ஒன்று இருக்கிறது.

நடுக்கூடத்தில் பெரிய தேவதைச் சிலை ஒன்று கிட்டத்தட்ட 11 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. 1960-இல் வைத்தது, சாதோ கென்கென் என்ற சிற்பி பல வருடம் உழைத்துச் செய்தது. 1930-இல் வாங்கி வைத்த குழாய் ஆர்கன் ஒன்றும் இருக்கிறது. குறிப்பிட்ட நாட்களில் வாசிக்கிறார்கள். சலவைக்கல் சுவரை நெருங்கிப் பார்த்தால் சுருள் சுருளாக அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரின் புதைபடிவங்கள் தெரியும். குழந்தைகளைக் கூட்டிப் போனால் அவற்றைத் தேடவிடுங்கள். கட்டடமே 2016-இல் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. தரைத்தளத்தை 2018-இல் கட்டடக் கலைஞர் குமா கெங்கோ வெள்ளைக் காடு மாதிரி மாற்றி அமைத்திருக்கிறார். பார்க்க அழகுதான், ஆனால் எனக்கு அங்கே நிற்கப் பொறுமை இல்லை. கிமோனோ பிரிவு எங்கே என்றுதான் மகளை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன்.

கிமோனோ பிரிவில் நுழைந்ததும் மகள் அங்கே விற்பனையில் இருந்த ஓர் அம்மாவிடம் ஜப்பானியத்தில் முதல் வார்த்தையாகச் சொன்னது இதைத்தான்: இன்று வாங்க வரவில்லை, அப்பா துணிக்கடையில் வேலை பார்த்தவர், பார்க்க ஆசைப்படுகிறார். இது ரொம்ப நல்ல வழக்கம். வாங்குகிற மாதிரி காட்டிக்கொண்டு பத்துத் துணியைப் பிரிக்க வைத்துவிட்டு 'அப்புறம் வரேன்' என்று போவதைவிட, முதலிலேயே சொல்லிவிட்டால் விற்பவருக்கும் பாரம் இல்லை, நமக்கும் கூச்சம் இல்லை. அந்த அம்மா முகம் மலர்ந்தது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரும் கிமோனோதான் கட்டியிருந்தார்.

கிமோனோத் துணி நம் கண்ணுக்கு விநோதமான அளவு. அகலம் 38 சென்டிமீட்டர் அளவுதான், நீளம் 12 மீட்டர் அளவு. ஒரு சுருளில் ஒரு ஆளுக்கு ஒரு கிமோனோ. வளைவாக எங்கும் வெட்டுவதில்லை, எல்லாம் நேர்க்கோட்டுத் துண்டுகள். அதனால் தையலைப் பிரித்துத் துண்டுகளைத் துவைத்து மறுபடி தைக்கலாம், பேத்திக்குத் தகுந்த மாதிரி மாற்றலாம். அந்த அம்மா சுருளைப் பாய் மேல் வைத்து இரண்டு கையாலும் தள்ளிவிட்டார். துணி ஓடிப்போய் விரிந்தது. ஒரு சுருக்கம் இல்லை. திரும்பச் சுருட்டும்போது இரண்டு விளிம்பும் ஒன்றோடொன்று நேராக வருகிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் விரல் நுனியால் தட்டித் தட்டிச் சரிசெய்தார். பேச்சு எங்களோடு, விரல் துணியோடு. துணியோடு நெடுங்காலம் வாழ்ந்த கை அது.

அளக்க மூங்கில் அளவுகோல். துணிக்கென்றே தனி ஷாகு அளவு வைத்திருக்கிறார்கள், ஒரு ஷாகு கிட்டத்தட்ட 38 சென்டிமீட்டர். முழம், கெஜம் என்று அளந்த எனக்கு அதைக் கையில் பிடித்துப் பார்க்க ஆசை. நான் கேட்கவில்லை, அவரே நீட்டினார்.

துணியைத் தொடுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாம் கண்ணால் துணி பார்ப்பதில்லை, விரலால்தான் பார்ப்போம். கசக்கிப் பார்த்தால்தான் திருப்தி. ஜப்பானியப் பட்டுத் துணிக் கடையில் அந்த வேகம் ஆகாது. விரலில் இருக்கிற எண்ணெயும் வியர்வையும் வெளிர் நிறப் பட்டில் கறையாகிவிடும். மோதிரமும் வாட்ச் பட்டையும் இழையை இழுத்துவிடும். அவர்கள் வாய்விட்டு 'தொடாதீர்கள்' என்று சொல்லமாட்டார்கள், அதனால் நாமே கேட்க வேண்டும். என் மனைவி வளையலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தொடலாமா என்று கையால் சைகை காட்டினாள். அந்த அம்மா உடனே துணியின் ஓரத்தை எடுத்து அவள் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டார். பாஷை தெரியாத இரண்டு பேரும் அந்தத் துணி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆயத்த ஆடை எடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. உடை மாற்றும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். தலை வழியாகப் போடும் உடையென்றால் பெண்களுக்கு முகத்தை மூட மெல்லிய உறை ஒன்று தருவார்கள். முகப்பூச்சு துணியில் படாமல் இருக்க அது.

வாங்கியது ஒரு தெனுகுயி. 35 சென்டிமீட்டருக்கு 90 அளவில் இருக்கும் பருத்தித் துண்டு. விலை 1,000 யென்னிலிருந்து 2,000 யென்னுக்குள் நிறைய வகை கிடைக்கிறது. இரண்டு முனையும் மடித்துத் தைக்காமல் அப்படியே வெட்டிவிட்டிருப்பார்கள். தைக்க மறந்த குறை இல்லை அது, சீக்கிரம் காய்வதற்காக. முதல் சில துவைப்பில் கொஞ்சம் நூல் பிரியும், அப்புறம் தானே நின்றுவிடும்.

இனி பணம் கொடுக்கும் விதம். கல்லாப் பக்கத்தில் சின்னத் தட்டு ஒன்று இருக்கும். "அப்பா, கையில குடுக்காதீங்க, தட்டுல வைங்க" என்று மகள் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வந்திருந்தாள். நோட்டைத் தட்டில் வைத்தேன். விற்பனைப் பெண் தொகையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு எடுத்தார். மீதி தரும்போது முதலில் நோட்டுகள். அவற்றை என் பக்கமாகத் திருப்பி விசிறி மாதிரி விரித்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். நான் வாங்கி வைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தார். அப்புறம் சில்லறை, ரசீதோடு, இரண்டு கையாலும். கல்லாச் சண்டைகள் எல்லாம் 'நான் ஐந்நூறு கொடுத்தேன்', 'இல்லை நூறுதான் கொடுத்தீங்க' என்பதிலிருந்துதான் பிறக்கும். அந்தத் தட்டில் பணம் இரண்டு பேர் கண்ணுக்கும் நடுவில் கிடக்கிறது. சண்டைக்கு வழியே இல்லை. கடை வைத்திருக்கும் எவரும் நாளைக்கே ஒரு தட்டு வாங்கி வைக்கலாம்.

சில்லறையைக் கொட்டித் தீர்த்துவிடலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: ஒரே நாணயத்தில் 20-க்கு மேல் கொடுத்தால் வாங்க மறுக்கக் கடைக்குச் சட்டப்படி உரிமை உண்டு. 1 யென் நாணயங்களை அன்றன்றைக்கே செலவு பண்ணிவிடுங்கள். 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்திருக்கின்றன. பழைய நோட்டும் செல்லும்.

விலைச்சீட்டில் இரண்டு எண் இருந்தால் பதறாதீர்கள். ஒன்று வரி இல்லாமல், இன்னொன்று வரியோடு. வரியோடு சேர்ந்த தொகையைக் காட்டியே ஆகவேண்டும் என்பது 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயம். சுற்றுலாத் தெருக் கடை ஒன்றில் வரி இல்லாத விலையைப் பெரிதாகவும் மற்றதைப் பொடி எழுத்திலும் போட்டிருந்தார்கள். சட்டத்துக்கு அது போதும், மனசுக்குப் போதவில்லை. விற்பனை வரி 10 சதவீதம். சாப்பாட்டுச் சாமானுக்கும் பார்சலுக்கும் 8 சதவீதம். அதே பலகாரத்தைக் கடையிலேயே உட்கார்ந்து தின்றால் 10.

பொட்டலம் கட்டுவதைப் பார்க்கவென்றே ஏதாவது ஒன்று வாங்குங்கள். பரிசா, வீட்டுக்கா என்று கேட்பார்கள். பரிசு என்றால் காகிதத்தை மூலைவாட்டில் போட்டு, பெட்டியை ஓரத்தில் வைத்து, உருட்டிக்கொண்டே மடிப்பார்கள். நான்கு பக்கமும் காகிதம் தானாக வந்து சேரும், கடைசியில் ஒட்டு ஒரே ஒரு இடத்தில்தான். அந்தக் காகிதமும் சாமானியக் காகிதம் இல்லை. வெள்ளையில் சிவப்புத் திட்டுகள் போட்ட வடிவம், 1950-இல் ஓவியர் இனோகுமா கெனிச்சிரோ வரைந்தது. சோஷி கடற்கரையில் அலை தேய்த்த கூழாங்கற்களைப் பார்த்து வந்த யோசனை. அதில் கடைப் பெயரை எழுதியவர் அப்போது அங்கே விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த யானாசே தகாஷி. பின்னாளில் அன்பன்மான் என்ற கார்ட்டூன் நாயகனைப் படைத்துக் குழந்தைகளின் பிரியமான ஓவியர் ஆனாரே, அவரேதான். எழுபது வருடத்துக்கு மேல் ஆகியும் அதே காகிதம். மழை பெய்தால் காகிதப் பைக்கு மேல் பிளாஸ்டிக் உறை மாட்டித் தருவார்கள். குடை இரவல் கொடுத்த கடையின் வாரிசு இல்லையா.

பரிசுகள் பல பேருக்கு என்றால், ஆளுக்கு ஒரு சின்னப் பை கேளுங்கள்; சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் இரண்டு பரிசு வாங்கிவிட்டுப் பத்துப் பை கேட்காதீர்கள்.

வரி திருப்பிப் பெறும் விஷயத்தில்தான் நம் ஆட்கள் நிறைய தகராறு செய்கிறார்கள், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். சுற்றுலா விசாவில் வந்து ஆறு மாதம் ஆகாதவர், ஒரே நாளில் ஒரே கடையில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்கோ அதற்கு மேலோ வாங்கினால் வரிச்சலுகை உண்டு. பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். நகல் செல்லாது, போனில் இருக்கும் படமும் செல்லாது. டிபார்ட்மெண்ட் ஸ்டோர்களில் முதலில் வரியோடு கட்டிவிட்டு, அப்புறம் வரிக் கவுண்டருக்குப் போகவேண்டும். சேவைக் கட்டணம் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுகிறது: கடையில் வரியோடு கட்டி, நாட்டை விட்டுக் கிளம்பும்போது சுங்கத்தில் சாமானைக் காட்டி உறுதி செய்த பிறகுதான் வரி திரும்பும். அந்தத் தேதிக்குப் பின் போகிறவர்கள் வாங்கிய சாமானைச் சுங்கம் தாண்டும் முன்பே பெட்டியில் போட்டு விமானத்துக்கு அனுப்பிவிட வேண்டாம்.

அங்கேயே குடியிருக்கும் பிள்ளைகளுக்காக நம் பாஸ்போர்ட்டில் சாமான் வாங்குவது தப்பு. என் மகளுக்கு ஒரு சூட்கேஸ் தேவைப்பட்டது. 'அப்பா பாஸ்போர்ட்தான் இருக்கே' என்று அவள் தோழி ஒருத்தி சொன்னாள். மகள் மறுத்துவிட்டாள். அந்தச் சலுகை சாமான் நாட்டைவிட்டு வெளியே போகிறது என்ற நம்பிக்கையில் தருவது. பல கடைகளில் கார்டில் இருக்கும் பெயரும் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அந்தச் சோதனை வரக் காரணம் யார் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

அடித்தளம் முழுக்கத் தின்பண்டம். பீன்ஸ் விழுது வைத்த இனிப்பு, அரிசிப் பிஸ்கட், ஊறுகாய், கேக் என்று வரிசை வரிசையாக. ருசி பார்க்க ஒரு துண்டு நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்று தின்றுவிட்டுக் குச்சியை அவர்களிடமே கொடுங்கள். நடந்துகொண்டே தின்பது வேண்டாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் வாயில் போடாதீர்கள்; காய்கறிப் பதார்த்தத்திலும் மீன் சாறு இருக்கும், இனிப்பில் ஜெலட்டின் இருக்கும். மகள் ஒரு சீட்டில் ஜப்பானியத்தில் 'மீன் சாறும் சேர்க்க மாட்டோம்' என்று எழுதிக் கொடுத்திருந்தாள். அதைக் காட்டினால் ஒவ்வொரு கவுண்டரிலும் பெட்டியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னார்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி ஒருவரும் விற்கவில்லை. இந்தக் கடைக்கு நான் தரும் ஆகப்பெரிய பாராட்டு இதற்குத்தான்.

மேலே குழந்தைகளுக்கான சாப்பாடு ஒன்று பிரபலம். சோற்றை மலை மாதிரி குவித்து உச்சியில் சின்னக் கொடி நட்டு ஒரே தட்டில் எல்லாவற்றையும் வைத்துத் தருவது. அந்த வகைச் சாப்பாடு 1930-இல் இந்தக் கடையின் உணவகத்தில்தான் பிறந்தது. பொருளாதார நெருக்கடி காலத்தில் பிள்ளைகளைச் சந்தோஷப்படுத்த யோசித்த தட்டு.

சாப்பிட்டு முடித்ததும் டிப்ஸ் கேள்வி வரும். வைக்காதீர்கள். பில்லை எடுத்துக்கொண்டு வாசல் பக்கக் கல்லாவில் கட்டிவிட்டு வாருங்கள். மேஜையில் சில்லறை வைத்துவிட்டுப் போனால் பரிமாறிய பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைக்கிறோம். அங்கே அது தவறவிட்ட பொருள். வாடிக்கையாளர் விட்டுப்போன பணத்தை ஊழியர் பையில் போட்டுக்கொள்ள முடியாது. பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் போலீஸில் சேர்க்க வேண்டும், உரியவர் வருவாரா என்று 3 மாதம் வைத்திருப்பார்கள். நாம் அன்பாக வைத்த 500 யென் அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலையாக முடியும். அதற்கு முன்னால் உங்களைத் தேடிப் படியிறங்கி ஓடி வருவார், அது வேறு.

சேவைக்கு அவர்களுக்குக் கூலி வேண்டாமா என்று என் மனைவி கேட்டாள். வேண்டும்தான். அந்தக் கூலி விலையிலேயே இருக்கிறது. டிப்ஸ் நம்பிப் பிழைக்கும் நாடுகளில் வைக்காமல் வருவது அநியாயம். அங்கே சம்பளத்தில் ஒரு பங்கு அதுதான். ஜப்பானில் அப்படி இல்லை. பெரிய ஹோட்டல்களில் 10 முதல் 15 சதவீதம் சேவைக் கட்டணம் பில்லிலேயே ஏறியிருக்கும். இரவு நேரக் குடிக் கடைகளில் நாம் கேட்காத ஒரு சின்னத் தொடுகறி முதலில் வரும், அதற்கும் பில்லில் ஆளுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம். உட்காரும் கட்டணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ஸியில் மீட்டர் காட்டுவதைக் கொடுங்கள், மீதியை வாங்கிக்கொள்ளுங்கள். இடது பின்கதவு தானாகத் திறந்து மூடும். கையால் இழுக்க வேண்டாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பழைய பாணி விடுதிகளில் நம்மைத் தனியாகக் கவனிக்கிற பணிப்பெண்ணுக்குச் சிலர் கொடுப்பார்கள். அதுவும் கட்டாயம் இல்லை. வயதானவர்களையோ கைக்குழந்தையையோ கூட்டிப் போய் அவர்களுக்குக் கூடுதல் வேலை வைத்தால் கொடுக்கலாம். அறைக்கு வந்து தேநீர் வைக்கும்போதே, அதாவது ஆரம்பத்திலேயே, புது நோட்டை மடித்துச் சின்ன உறையில் போட்டு இரண்டு கையால் கொடுக்க வேண்டும். 1,000 முதல் 3,000 யென் வழக்கம். உறை இல்லாமல் வெறும் நோட்டை நீட்டுவது சரியில்லை. அந்த உறைகள் மிட்சுகோஷியின் எழுதுபொருள் பிரிவிலேயே கிடைக்கும். ஒருமுறை மறுத்தால் இன்னொரு முறை நீட்டிப் பாருங்கள். திரும்பவும் மறுத்தால் விட்டுவிடுங்கள்.

காசு கொடுக்க முடியாத இடத்தில் வேறு என்ன கொடுப்பது என்பதற்கு விடை கிளம்பும்போது கல்லாவில் சொல்லும் ஒரு வார்த்தைதான். சாப்பாட்டுக் கடையில் 'கொச்சிசோசாமா தேஷ்தா', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி, என்றால் உள்ளே அடுப்படியில் நிற்பவர்வரை குரல் கொடுக்கிறார்கள். மற்ற கடைகளில் 'அரிகாதோ கொசாய்மாஸ்', அதாவது நன்றி. என் மனைவி இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு, இருந்த நாளெல்லாம் கடை கடையாகச் சொல்லி வந்தாள். கிமோனோ பிரிவில் இரண்டாவதைச் சொன்னபோது அந்த அம்மா மின்தூக்கி வரை கூட வந்து, கதவு மூடும் வரை குனிந்தே நின்றார். நாங்கள் அந்தப் பிரிவில் ஒரு யென் செலவழிக்கவில்லை.

குறைவான விலைக்கு இங்கே வராதீர்கள். மருந்து, சாக்லெட், அழகுசாதனம் எல்லாம் தெருவில் இருக்கும் தள்ளுபடிக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அங்கே வாங்குங்கள். பட்டுக் கிமோனோவின் விலை என்னைப் போன்ற ஓய்வூதியக்காரருக்கு எட்டாது. தெனுகுயி, காகிதப் பொருட்கள், இனிப்புப் பெட்டி, சமையல் கத்தி, இவைதான் கொடுக்கிற காசுக்குத் தகும். கத்தியைக் கைப்பையில் வைத்து விமானத்தில் ஏற முடியாது, பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது அங்கே எளிதில் நடக்காது, அதனால் அளவு, நிறம், வோல்டேஜ் எல்லாம் பார்த்து நிதானமாக வாங்குங்கள். மின்சாதனம் என்றால் ஜப்பானில் 100 வோல்ட் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

வாரநாள் காலைதான் நல்ல நேரம். ஜனவரி 1-ஆம் தேதி மூடியிருக்கும். பிளாஸ்டிக் பைக்கு 2020 ஜூலையிலிருந்து கடைகளில் காசு, அதனால் மடித்து வைக்கிற துணிப்பை ஒன்று எடுத்துப் போங்கள். நகரும் படியில் டோக்கியோக்காரர்கள் இடது பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். ஒசாகாவுக்குப் போனால் வலது பக்கம்.